நிற்கிற கார்

1983ஆம் ஆண்டு டிசம்பர் 14. மாருதி 800 என்ற சின்னக் காரின் முதல் சாவியை அன்றைய பிரதமர் இந்திரா காந்தி, டெல்லிக்காரரான ஹர்பால் சிங்கிடம் கொடுத்தார். நடுத்தரக் குடும்பங்கள் கார் வாங்கத் தொடங்கிய கதை இந்தியாவில் வேகமெடுத்தது அதற்குப் பிறகுதான். ஹர்பால் சிங் அந்த வண்டியை விற்கவில்லை. 2010இல் அவர் இறக்கும்வரை, ஏறத்தாழ 27 ஆண்டுகள், அது அவரிடமே இருந்தது. அவருக்குப் பின் அது வீட்டு வாசலில் நின்றது. எடுத்து ஓட்ட ஆளில்லாமல் நின்றதில் துருவேறி, பார்க்கவே பரிதாபமான நிலைக்குப் போனது. அந்தப் படங்கள் வெளியாகிப் பலரும் வருந்தினார்கள். பிறகு மாருதி நிறுவனமே அதை மீட்டுச் சீரமைத்துத் தன் தலைமையகத்தில் வைத்துக்கொண்டது.

27 ஆண்டு ஓட்டத்தைத் தாங்கிய வண்டியைச் சில ஆண்டு நிறுத்தம் உருக்குலைத்துவிட்டது. இந்தச் சொற்பொழிவின் பொருள் அதுதான்: குடும்பக் கார்களுக்கு வரும் சின்னச் சின்னக் கோளாறுகளில் பெரும்பகுதி, வண்டி ஓடுவதால் வருவதில்லை, நிற்பதால் வருகிறது.

கார் என்றதும் ஓடும் வண்டிதான் கண்முன் வரும். கணக்குப் பார்த்தால் நிலைமை வேறு. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் நகரத் திட்டமிடல் கற்பித்த டொனால்ட் ஷூப், வாகன நிறுத்தத்தைப் பற்றி 2005இல் எழுதிய பெரிய நூலில், சராசரிக் கார் 95 சதவீத நேரம் நின்றுகொண்டே இருக்கிறது என்று எழுதினார். நாள்தோறும் ஒரு மணி நேரம் ஓடும் வண்டியும் மீதி 23 மணி நேரம் சும்மாதான் நிற்கிறது. நம் ஊர்க் குடும்பக் கார்கள் பலவற்றுக்கு அந்த ஒரு மணி நேரம்கூடக் கிடைப்பதில்லை. வேலைக்குப் போக இருசக்கர வண்டி, பிள்ளைகளுக்குப் பள்ளி வேன், மளிகைக்கு நடை. ஞாயிற்றுக்கிழமைக் கோயிலுக்கும் முகூர்த்த நாளுக்கும் ஆண்டுக்கொரு முறை குலதெய்வத்துக்கும் மட்டுமே கார் வெளியே வருகிறது.

இத்தகைய வண்டியின் சொந்தக்காரரிடம் சர்வீஸ் பற்றிக் கேட்டால், "வண்டி ஓடவே இல்லையே சார், எதுக்கு சர்வீஸ்?" என்பார். வண்டியோடு கொடுத்த கையேட்டைப் பிரித்தால், பல கார்களில், 10,000 கிலோமீட்டர் அல்லது 12 மாதம், எது முந்துகிறதோ அது என்றிருக்கும். கிலோமீட்டரை மட்டும் படித்துவிட்டு மாதத்தை விட்டுவிடுகிற பழக்கம்தான் பல செலவுகளுக்குத் தொடக்கம்.

முதலில் விழுவது பேட்டரி. காலையில் சாவியைத் திருப்பினால் 'டக் டக்' என்ற சத்தம் வரும், மீட்டர் விளக்குகள் மங்கும், அவ்வளவுதான். மெக்கானிக்கிடம் போனில் சொல்லும்போது "செல்ஃப் எடுக்கல அண்ணே" என்பார்கள். ஜெர்மனியின் மோட்டார் வாகன ஓட்டிகள் சங்கமான ஏ.டி.ஏ.சி., நடுவழியில் நின்ற வண்டிகளின் கணக்கை ஆண்டுதோறும் வெளியிடுகிறது. அண்மை ஆண்டுகளில் அவர்கள் போய் உதவிய வண்டிகளில் 40 சதவீதத்துக்கு மேல் 12 வோல்ட் பேட்டரியால் நின்றவை. மின்சாரக் கார்களிலும் அந்தச் சின்ன 12 வோல்ட் பேட்டரியே முதலிடம் பிடிக்கிறது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும்.

ஏன் இப்படி? பூட்டி நிறுத்திய கார் முழுக்க உறங்குவதில்லை. கடிகாரம் ஓடுகிறது, அலாரம் விழித்திருக்கிறது, ரிமோட் சாவியின் சைகைக்காக ஒரு சுற்று காத்திருக்கிறது, இன்ஜினின் கணினி தன் நினைவைக் காப்பாற்றிக்கொள்கிறது. இவை எல்லாம் சேர்ந்து 30 மில்லி ஆம்பியர் இழுப்பதாக வைத்துக்கொண்டால், ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர்-மணி போகிறது. 30 நாளில் 21.6. சின்னக் கார்களில் இருப்பது பெரும்பாலும் 35 ஆம்பியர்-மணி அளவுள்ள பேட்டரி. ஒரே மாதத்தில் பாதிக்கு மேல் காலி. யாரும் விளக்கை அணைக்க மறக்கவில்லை, எந்தப் பொருளும் பழுதாகவில்லை. வண்டி நின்றது மட்டுமே நடந்தது.

காலியான பேட்டரியை அப்படியே விட்டுவைப்பது அடுத்த கேடு. உள்ளே ஈயத் தகடுகளின் மேல் படியும் ஈய சல்பேட் நாள் ஆக ஆக இறுகிப் படிகமாகிறது. அதன் பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய கொள்ளளவு திரும்பாது. போதாக்குறைக்கு நம் வெயில். சூட்டில் தகடுகளின் அரிப்பு விரைவுபடுகிறது, அமிலக் கரைசலில் உள்ள நீர் குறைகிறது. குளிர்நாடுகளில் பனிக்காலம் பேட்டரியைச் சோதிக்கிறதென்றால், இங்கே சித்திரையும் வைகாசியும் அதன் ஆயுளைத் தின்கின்றன. மூன்று நான்கு ஆண்டுகளில் பேட்டரி போய்விட்டதென்று கம்பெனியைக் குறை சொல்வதற்கு முன் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியபோது அடுக்குமாடி வீடுகளின் தரைத்தளங்களில் கார்கள் வரிசையாக அசையாமல் நின்றன. தளர்வு வந்ததும் மெக்கானிக்குகளுக்கு முதலில் குவிந்தவை பேட்டரி அழைப்புகளே. அந்தக் காலத்தில் பரவிய யோசனை ஒன்று இன்றும் வழக்கத்தில் இருக்கிறது: நின்ற இடத்திலேயே இன்ஜினைப் பத்து நிமிடம் ஓடவிட்டு அணைப்பது. இதன் பயன் குறைவு. ஐடிலிங்கில், பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் தாராளமாக 20 ஆம்பியர் கொடுத்தாலும் பத்து நிமிடத்தில் ஏறுவது மூன்று ஆம்பியர்-மணி சொச்சம். மாதத்தில் போனது இருபதுக்கு மேல். முக்கால் மணி நேரம் சாலையில் ஓட்டினால்தான் பேட்டரி கொஞ்சம் தேறும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் சங்கதி தெளிவாகிவிடும்: இன்ஜின் அணைத்துச் சில மணி நேரம் கழித்து 12.6 வோல்ட் இருந்தால் நலம். 12க்குக் கீழே என்றால் ஏறக்குறைய வெறுமை. இன்ஜின் ஓடும்போது 14ஐ ஒட்டி இருந்தால் ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறது. ஓடும்போதும் 12லேயே நின்றால் புதுப் பேட்டரி வாங்கிப் பயனில்லை, பழுது வேறிடத்தில்.

பக்கத்து வண்டியிலிருந்து ஒயர் கொடுத்து ஸ்டார்ட் செய்வது எல்லோருக்கும் தெரிந்த கைவேலை. ஆனால் வரிசை முக்கியம். சிவப்பு ஒயரின் ஒரு முனையைச் செத்த பேட்டரியின் பாசிட்டிவில் மாட்டி, மறுமுனையை நல்ல பேட்டரியின் பாசிட்டிவில் மாட்ட வேண்டும். பிறகு கறுப்பு ஒயரை நல்ல பேட்டரியின் நெகட்டிவில் மாட்டி, கடைசி முனையைச் செத்த பேட்டரியில் வைக்காமல் அந்த வண்டியின் இன்ஜினில் பெயின்ட் இல்லாத இரும்புப் பகுதியில் வைக்க வேண்டும். கடைசி இணைப்பில் பொறி பறக்கும். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு கசியும். இரண்டும் ஓரிடத்தில் சேரக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு கவனம்.

அடுத்த எதிரி எலி. தமிழ்நாட்டில் கார் வைத்திருக்கும் எந்தத் தெருவிலும் இதைப் பற்றிக் கதை உண்டு. எலியின் முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. கொறித்துக்கொண்டே இருந்தால்தான் அவை அளவோடு நிற்கும். பானட்டுக்குள் வெதுவெதுப்பு, இருட்டு, மழைக்கு ஒதுங்கிடம், கூடு கட்ட இன்ஜின் மேல்மூடியின் உட்புறத்துப் பஞ்சு, கொறிக்க ஒயர்: அதற்கு வேறென்ன வேண்டும்? கண்ணாடி கழுவும் தண்ணீர் போகும் ரப்பர் குழாய், சென்சர் ஒயர், சில நேரம் பெட்ரோல் குழாய் என்று வரிசையாகப் போகும். ஒரு சென்சர் ஒயர் பாதி அறுந்தால் வண்டி ஓடும், ஆனால் இழுக்காது. மீட்டரில் மஞ்சள் விளக்கு எரியும். எங்கே பழுதென்று தேடியே மெக்கானிக்கின் அரை நாள் போய்விடும்.

அமெரிக்காவில் இந்தச் சிக்கல் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. ஒயரின் மேலுறையில் சோயா சார்ந்த பொருள் கலந்திருப்பதால்தான் எலிகள் வருகின்றன என்று கார் சொந்தக்காரர்கள் சிலர் வழக்குத் தொடுத்தார்கள். சோயா கலக்காத பழைய வண்டிகளையும் எலிகள் விட்டுவைக்கவில்லை என்பதால் அந்த வாதம் எவ்வளவு தூரம் நிற்கும் என்பது ஐயத்துக்குரியது. ஹோண்டா நிறுவனம் அங்கே மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின் ஏற்றிய ஒரு நாடாவை விற்கிறது. ஒயரைச் சுற்றி ஒட்டிவிட்டால் கடிக்கும் எலிக்கு எரிச்சல் எடுக்கும். நம்மவர்கள் புகையிலைக் கட்டும் அந்துருண்டையும் வைக்கிறார்கள். வாசம் இருக்கும்வரை பலன் உண்டு. இன்ஜின் சூட்டில் வாசம் சீக்கிரம் பறந்துவிடும். அதோடு, அந்துருண்டையின் நெடி ஏசி வழியாக உள்ளே வந்து குழந்தைகளுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அடியில் கம்பிவலை அடிப்பதும், சொந்த ஷெட்டாக இருந்தால் இரவில் பானட்டைத் தூக்கி வைப்பதும் மேலான வழிகள், ஏனென்றால் எலி தேடி வருவது இருட்டையும் மறைவையும். எல்லாவற்றுக்கும் முன்பாக, பின்சீட்டின் இடுக்கில் கிடக்கும் முறுக்குத் துண்டையும் கோயில் பிரசாதத்தையும் அன்றன்றே எடுத்துவிட வேண்டும். மூன்று நாளுக்கொரு முறை இடம் மாறும் வண்டியில் எலிக்குக் கூடு கட்ட அவகாசம் கிடைப்பதில்லை.

டயரைப் பற்றிச் சொல்லும்போது ஒரு தவறான நம்பிக்கையை முதலில் களைய வேண்டும். "வெயில் காலம், காத்து விரியும், ரெண்டு பாயின்ட் கம்மியா வைங்க" என்று பங்க்குகளில் இன்றும் பலர் கேட்கிறார்கள். இது ஆபத்தான யோசனை. காற்று குறைந்த டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி நிமிர்கிறது. அந்த மடிப்பே சூட்டைக் கிளப்புகிறது. மே மாத மதியத்தில் நாற்கரச் சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் குடும்பத்தோடு போகும்போது டயர் வெடிப்பதற்கு முக்கியக் காரணங்களில் இது ஒன்று. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் வில்லையில் சரியான அளவு இருக்கிறது. அது டயர் குளிர்ந்திருக்கும்போது வைக்க வேண்டிய அளவு; சூட்டில் கூடுவதையும் கணக்கில் எடுத்தே அதைத் தீர்மானித்திருக்கிறார்கள்.

நின்றே இருக்கும் வண்டியின் டயரில் இன்னொரு சூட்சுமம். கோடு தேயாமல் புதிதாகவே தெரியும். ஆனால் ரப்பர் வயதாகிக்கொண்டிருக்கும். பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று பொறித்திருக்கும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. பக்கங்களில் மயிரிழை வெடிப்பு தெரிந்தால், கோடு எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அது மாற்ற வேண்டிய டயர். டிக்கிக்குள் கிடக்கும் ஸ்டெப்னியை யாரும் நினைப்பதே இல்லை. தேவைப்படும் இரவில் எடுத்துப் பார்த்தால் அதிலும் காற்று இருக்காது.

ஓடாத வண்டியைப் போலவே குறை ஓட்ட வண்டியும் கெடும். இரண்டு கிலோமீட்டரில் இருக்கும் பள்ளிக்குப் போய்த் திரும்பும் காரில் இன்ஜின் சரியான சூட்டுக்கு வருவதற்குள் அணைக்கப்படுகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது என்று வேதியியல் கணக்குச் சொல்கிறது. அதன் பெரும்பகுதி ஆவியாக வெளியேறினாலும், குளிர்ந்த இன்ஜினில் ஒரு பங்கு ஆயிலோடு கலக்கிறது, ஒரு பங்கு சைலன்சருக்குள்ளேயே தங்கித் துருவை வளர்க்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்யும்போது பின்குழாயில் சொட்டும் நீர் இதுதான். அதற்குப் பயப்பட வேண்டாம். நீண்ட ஓட்டம் கிடைத்தால் அந்த ஈரம் வெந்து போகும். கிடைக்காவிட்டால் ஆயில் கெடும், 3,000 கிலோமீட்டரே ஓடியிருந்தாலும்.

டீசல் வண்டியில் இது இன்னும் கடுமை. 2020 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள பி.எஸ்.6 புகை விதிகளுக்குப் பிறகு வந்த டீசல் கார்களில் கரித்துகளைப் பிடித்துவைக்கும் வடிகட்டி ஒன்று உண்டு. சேர்ந்த கரியை அது தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். அதற்கு 600 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு வேண்டும். சென்னைத் தியாகராய நகருக்குள்ளேயே சுற்றும் வண்டிக்கு அந்தச் சூடு எப்போதும் வராது. மீட்டரில் அந்த வடிகட்டிக்கான விளக்கு எரிந்ததும் புறவழிச் சாலையில் இருபது முப்பது நிமிடம் ஒரே சீராக ஓட்டினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். எரிகிற விளக்கைப் பார்த்தும் பாராமல் விட்டால் வடிகட்டி அடைத்துப் பெருஞ்செலவில் முடியும். நகருக்குள் மட்டும் ஓட்டுகிறவருக்கு டீசல் கார் ஏற்றதல்ல என்பதை விற்பனைக்கூடத்தில் யாராவது வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

ஆண்டு முழுவதும் நின்ற வண்டியைத் திடீரென்று மலைக்குக் கொண்டுபோவது நம் கோடை வழக்கம். கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது கிளட்ச் கருகும் வாடையும், ரேடியேட்டர் சூடும் தெரியும். உண்மையான ஆபத்து இறங்கும்போது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அது 140 டிகிரி வரை இறங்கிவிடலாம். வளைவுக்கு வளைவு பிரேக்கை அழுத்திக்கொண்டே இறங்கினால் அந்தச் சூடு எளிதில் வரும். ஆயில் கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழ், ஆவி அமுங்கும், பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது. இரண்டாண்டுக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை மாற்றச் சொல்வது இதற்காகத்தான். ஏறிய கியரிலேயே இறங்கு என்று பழைய லாரி ஓட்டுநர்கள் சொல்வதற்குப் பின்னாலும் இதே கணக்கு இருக்கிறது.

மழை நாளில் ஹேண்ட் பிரேக்கை இழுத்து வாரக்கணக்கில் நிறுத்தினால் பின்சக்கர ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். சமதளத்தில் கியரில் போட்டு, சக்கரத்துக்கு ஒரு கட்டை கொடுத்தால் போதும். வேம்பு, புங்க மரங்களின் நிழலில் நிறுத்துகிறவர்கள் முன்கண்ணாடிக்குக் கீழே சேரும் சருகை அள்ளிவிட வேண்டும். அது வடிகாலை அடைத்தால் மழைத்தண்ணீர் காருக்குள் வரும். வைப்பர் ரப்பர் கோடை முழுக்கச் சுடுகண்ணாடியில் ஒட்டிக் காய்ந்திருக்கும். ஐப்பசி மழைக்கு முன் மாற்றிவிட வேண்டும்.

ஏசி விஷயத்தில் மிகுதியாக ஏமாற்றப்படுகிறவர்கள் குடும்பக் கார்க்காரர்கள். "கேஸ் தீர்ந்துபோச்சு, ஃபில் பண்ணிடலாம்" என்று ஆண்டுதோறும் பணம் வாங்கும் கடைகள் உண்டு. அந்த வாயு பெட்ரோல் போலச் செலவாகும் பொருள் அல்ல. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. ஆண்டுக்காண்டு குறைகிறதென்றால் எங்கோ கசிகிறது. கசிவைக் கண்டுபிடிக்காமல் நிரப்புவது பணத்தைக் காற்றில் விடுவது, அந்த வாயு சூழலுக்கும் கேடு. குளிர்ச்சி குறைவதற்குப் பல நேரம் வாயு காரணமே இல்லை. முன்னால் இருக்கும் கண்டென்சரில் அப்பிய தூசியும், டேஷ்போர்டு அறைக்குப் பின்னால் அடைத்துக் கிடக்கும் கேபின் ஃபில்டரும்தான் காரணம். அந்த ஃபில்டரை வீட்டிலேயே ஐந்து நிமிடத்தில் கழற்றிவிடலாம். காருக்கடியில் ஏசித் தண்ணீர் சொட்டுவது நல்ல அறிகுறி. சொட்டாமல், இடப்பக்கம் அமர்கிறவர் காலடி விரிப்பு நனைந்தால், வடியும் குழாய் அடைத்திருக்கிறது. நாள்பட்ட ஈர நாற்றம் உள்ளே குளிர்விக்கும் பகுதியில் வளரும் பூஞ்சையால் வருவது. வீடு சேர இரண்டு மூன்று நிமிடம் இருக்கும்போதே ஏசியை நிறுத்திக் காற்றை மட்டும் ஓடவிட்டால் அது ஓரளவு உலர்ந்துவிடும்.

நிற்கும் காருக்கு வரும் கேடுகளில் பெரியது வெள்ளம். 2015 டிசம்பரில் சென்னை அதைப் பார்த்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது பள்ளிக்கரணைப் பகுதியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கார்கள் வெள்ளத்தில் மிதந்து சென்ற காட்சி பலர் நினைவில் இருக்கும். 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரி மேம்பாலத்தின் இரு ஓரங்களிலும் கார்கள் வரிசையாக நின்றன. கடனில் வாங்கிய வண்டியைக் காப்பாற்றக் குடும்பங்கள் கண்ட வழி அது. தண்ணீர் வடியும் வழியை ஒழுங்காக வைத்திருக்க வேண்டிய நகரம், தன் மக்களை மேம்பாலத்துக்கு அனுப்பியது வருத்தத்துக்குரியது. அவர்கள் செய்தது சரியான காரியம்.

வண்டி மூழ்கிவிட்டால் செய்யக் கூடாதது ஒன்றே ஒன்று: சாவியைத் திருப்புவது. பிஸ்டன் காற்றைப் பத்தில் ஒரு பங்காக அமுக்கும்படி செய்யப்பட்டது. தண்ணீர் அமுங்காது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது இன்ஜினைச் சுழற்றினால் கனெக்டிங் ராடு வளையும், சில நேரம் இன்ஜினின் சுவரையே உடைத்துக்கொண்டு வெளியே வரும். காப்பீட்டிலும் இங்கேதான் சிக்கல். வெள்ளச் சேதம் முழுக் காப்பீட்டில் அடங்கும். ஆனால் நனைந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதம் பின்விளைவு என்று சொல்லி நிறுவனங்கள் மறுப்பது வழக்கம். அதற்கென்று 'இன்ஜின் ப்ரொடெக்ட்' என்ற கூடுதல் பாதுகாப்பைத் தனியே பணம் கட்டி எடுத்திருக்க வேண்டும். ஆகவே பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிட்டு, தண்ணீர் நின்ற மட்டம் தெரியும்படி படம் எடுத்து, காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்லிவிட்டு, வண்டியைத் தூக்கிச் செல்லும் லாரிக்குக் காத்திருக்க வேண்டும். "ஒரு தடவை போட்டுப் பாக்கலாமே" என்று பக்கத்தில் நிற்பவர் சொல்வார். கேட்கக் கூடாது.

தெருவில் நிற்கும் காரில் கீறல் விழாமல் இராது. குப்பை வண்டி உரசும், சைக்கிள் ஹேண்டில் பார் கோடு போடும். உடனே கிளெய்ம் போடலாமா? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கிளெய்ம் செய்யாத ஆண்டுகளுக்கு வண்டிச் சேதக் காப்பீட்டுத் தொகையில் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று தள்ளுபடி ஏறிக்கொண்டே போகிறது. அந்தத் தொகை தள்ளுபடிக்கு முன் 8,000 ரூபாய் என்றும், வண்டி ஏற்கெனவே 50 சதவீதத்தில் இருக்கிறதென்றும் கொள்வோம். ஆண்டுக்கு 4,000 கட்டினால் போதும். ஒரு கிளெய்ம் போட்டதும் தள்ளுபடி பூஜ்யத்துக்கு வருகிறது. அடுத்து வரும் ஆண்டுகளில் கட்ட வேண்டியது 8,000, 6,400, 6,000, 5,200, 4,400. ஐந்தாண்டில் கூடுதலாகப் போவது 10,000 ரூபாய். வண்டியின் மதிப்பு ஆண்டுதோறும் இறங்குவதால் நடைமுறையில் கொஞ்சம் குறையும். எனினும் 6,000 ரூபாய் டிங்கரிங், பெயின்ட் வேலைக்கு, கட்டாயமாகக் கைக்காசிலிருந்து கொடுக்க வேண்டிய 1,000 போக, 5,000 வாங்குவதற்காக இதை இழப்பது லாபமில்லை. அந்தத் தள்ளுபடி வண்டிக்கு உரியதல்ல, ஆளுக்கு உரியது. பழைய காரை விற்றுப் புதியது வாங்கும்போது அதைக் கேட்டுப் பெறலாம். பலர் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.

மெக்கானிக்கிடம் பேசுவதற்கும் ஒரு முறை உண்டு. "லோயர் ஆர்ம் புஷ் போயிருக்கு, மாத்திடுங்க அண்ணே" என்று சொந்தக்காரர் தீர்ப்பெழுதிக்கொண்டு போனால், அவர் புஷ்ஷை மாற்றிக் கொடுப்பார். சத்தம் அப்படியே இருக்கும். "சின்ன ஸ்பீடு பிரேக்கர்ல மெதுவா ஏறினா முன்னாடி இடப்பக்கம் டொக்குன்னு கேக்குது, பெரிய பள்ளத்துல கேக்கல" என்று சொன்னால் அனுபவசாலி நேராக லிங்க் ராடைப் பார்ப்பார். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திரும்பும்போது மட்டும் வரும் 'டக் டக்' பெரும்பாலும் ஆக்சில் மூட்டிலிருந்து வரும். வேகம் கூடக் கூட ஏறும் ரீங்காரம் வீல் பேரிங்காக இருக்கலாம். பிரேக் பிடிக்கும்போது வரும் கீச்சுச் சத்தம், பேடு தேய்ந்ததும் டிஸ்க்கில் உரசும்படி சில வண்டிகளில் வைத்திருக்கும் சின்ன உலோக நாக்கின் வேலை. எப்போது, எந்தப் பக்கம், எந்த வேகத்தில், இன்ஜின் சூடாக இருக்கும்போதா குளிர்ந்திருக்கும்போதா: இந்த விவரம் போதும். முடிந்தால் போனில் பதிவு செய்துகொண்டு போகலாம். பட்டறையில் நின்றதும் சத்தம் மறைந்துவிடுவது எல்லா ஊரிலும் நடக்கிற ஒன்று.

மீட்டர் விளக்குகளுக்கும் நிறமே மொழி. சிவப்பு எரிந்தால் ஓரமாக நிறுத்த வேண்டும். ஆயில் அழுத்தமோ இன்ஜின் சூடோ சிவப்பில் வந்தால் அடுத்த பங்க் வரை என்று ஓட்டுவதுகூட இன்ஜினை அழிக்கும். மஞ்சள் நிலையாக எரிந்தால் பட்டறைவரை போகலாம். இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு மினுக்கினால் எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குள் போய்க் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைப் பாழாக்குகிறது என்று பொருள். வேகத்தைக் குறைத்து நிறுத்துவதே நல்லது. ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள துளையில் செருகிக் கோட் படிக்கும் கருவி இப்போது மலிவாகக் கிடைக்கிறது. பி0300 என்று வந்தால் இன்ஜினுக்குள் எரிபொருள் ஒழுங்காக எரியவில்லை என்பது செய்தி. பிளக்கா, காயிலா, எலி கடித்த ஒயரா என்பதை அது சொல்லாது. அதைத் தேடுவது மனிதர் வேலை.

கடைசியாக, திருச்சியிலும் கோவையிலும் நாகர்கோவிலிலும் பல வீடுகளின் முற்றத்தில் நிற்கும் கார்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் மகனோ மகளோ அப்பா அம்மாவுக்காக வாங்கிக் கொடுத்தவை அவை. அப்பாவுக்கு ஓட்டத் தெம்பில்லை, விற்கவும் மனமில்லை. உறை போர்த்தி நிறுத்தியிருக்கிறார்கள். அவசரமாக மருத்துவமனைக்குப் போக வேண்டிய இரவில் அந்த வண்டி ஸ்டார்ட் ஆக வேண்டும். அதற்காகத்தான் அது அங்கே இருக்கிறது. வாரம் ஒருமுறை ஆக்டிங் டிரைவர் ஒருவரை வரவழைப்பது இதற்குச் சிறந்த ஏற்பாடு. அவர் உறையைக் கழற்றி, நான்கு டயரையும் ஸ்டெப்னியையும் பார்த்து, பெரியவர்களையும் ஏற்றிக்கொண்டு புறவழிச் சாலையில் ஏசி போட்டு முக்கால் மணி நேரம் ஓட்டி வரட்டும். வழியில் கோயிலுக்கோ சந்தைக்கோ போய்க்கொள்ளலாம். திரும்பியதும் பானட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். எலிப்புழுக்கையோ கடிபட்ட ஒயரோ கண்ணில் பட்டால், அன்றைக்கே மெக்கானிக்குக்குப் போன் போட்டுவிட வேண்டும்.